படத்துக்குத் தோதான காயம்

ஆஸ்திரேலியாவில் ஒரு மியூசியத்தில் எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டு படங்கள் தொங்குகின்றன. ஒன்று போட்டோ, மற்றது எண்ணெய்ச் சாயத்தில் தீட்டிய ஓவியம். போட்டோவில் நாங்கள் நான்கு பேர் இடுப்பளவு ஆற்றுத் தண்ணீரில் ஸ்ட்ரெச்சரைச் சுமந்து வருகிறோம். அதில் படுத்திருக்கிற வெள்ளைக்காரனுக்கு உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. ஓவியத்தில் ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய் மரத்தடியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறான். அந்தக் காயம் நிஜம். கால் மடங்கிக் கிடக்கிற விதமும் நிஜம். தோலும் தலைமுடியும்தான் பொய். அங்கே கிடப்பது என் பேர்க்காரன்.

யுத்தம் முடிந்து எத்தனையோ வருஷம் கழித்து, விழா என்று சொல்லி என்னை விமானத்தில் கூட்டிக்கொண்டு போய் அந்த இரண்டு படங்களுக்கும் நடுவில் நிற்க வைத்தார்கள். கோட்டு வேறு மாட்டிவிட்டார்கள். ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "எங்க பிள்ளைங்களைத் தூக்கிச் சுமந்த தேவதை நீங்கதானே?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து யாரோ ஒரு பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை.

பேர்க்காரன் என்றால் என் பேரையே வைத்திருப்பவன். நானும் செரெமோ, அவனும் செரெமோ. எங்கள் பக்கத்தில் ஒரே பேர் வைத்த இரண்டு பேர் கூடப்பிறந்தவர்களுக்கும் மேல். என் தோட்டத்துச் சேப்பங்கிழங்கை அவன் கேட்காமல் பிடுங்கலாம். அவன் பிள்ளை என்னை அப்பா என்றுதான் கூப்பிடும். ஒருத்தரையொருத்தர் பேர் சொல்லி அழைக்க மாட்டோம், "பேர்க்காரா" என்போம். அவன் என்னைவிடக் குள்ளம், வாய் மட்டும் என்னைவிட நீளம்.

நாற்பத்திரண்டாம் வருஷக் கடைசி. எங்கள் தீவின் புனா கடற்கரையில் ஜப்பான்காரன் தென்னந்தோப்புக்குள் குழி தோண்டிப் பதுங்கியிருந்தான். ஆஸ்திரேலியாக்காரன் அவனைக் கிளப்பப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு பேரும் சண்டை போட எங்கள் கடற்கரைதான் கிடைத்தது. எங்களை ஊர் ஊராகப் பிடித்துவந்து சுமை தூக்க வைத்தார்கள். போகும்போது அரிசியும் குண்டும், வரும்போது அடிபட்ட ஆட்கள். அடிபட்ட வெள்ளைக்காரப் பிள்ளைகளை நாங்கள் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டோம், அதில் பொய்யில்லை. மழை வந்தால் வாழையிலை பிடித்தோம். ராத்திரி அவர்கள் அம்மாவைக் கூப்பிட்டு அழுதால் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இத்தனை நாள் தோளில் சுமந்த பிறகு அவர்களும் சொந்தக்காரர்கள் மாதிரிதான் என்று எனக்குள்ளே ஒரு நினைப்பு ஊறியிருந்தது. அந்த நினைப்பு என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

அன்று காலையில் அரிசி மூட்டையோடு முன்னே போய்க்கொண்டிருந்த பேர்க்காரன் பக்கத்தில் ஒரு குண்டு விழுந்து வெடித்தது. சில்லு ஒன்று மூட்டையைக் கிழித்து, அவன் வயிற்றையும் கிழித்துவிட்டது. அரிசியும் ரத்தமுமாகச் சேற்றில் கிடந்தான். ஸ்ட்ரெச்சர் எதுவும் கையில் இல்லை. இருந்தாலும் சுமைகாரனுக்குக் கிடைக்காது. வயிற்றை என் இடுப்புத் துணியால் இறுக்கிக் கட்டி, காலிச் சாக்கில் அவனைப் போட்டு, சாக்கைக் கழியில் கட்டித் தூக்கிக்கொண்டோம். நான், கூடச் சுமை தூக்கிய ஜவோகோ, ஜவோகோவின் தம்பிமார் இரண்டு பேர்.

"பேர்க்காரா, வயித்துக்குள்ள எவனோ அடுப்பு மூட்டிட்டான்டா" என்றான்.

"வாய மூடிக்கிட்டு வா. ஆத்தைத் தாண்டினா ஆஸ்பத்திரிக் கூடாரம். டாக்டர் இருக்காரு."

"எம் பங்குப் புகையிலையில கை வச்சிராதே. திரும்பி வந்து கேப்பேன்."

"நீ முதல்ல போய்ச் சேரு, அப்புறம் கேக்கலாம்."

வயிற்றில் அடிபட்டவன் எல்லோரும் உடனே சாவதில்லை. சீக்கிரமாக டாக்டர் கையில் கிடைத்தவர்கள் பிழைத்து எழுந்ததை நாங்களே பார்த்திருக்கிறோம், நாங்கள்தானே தூக்கிக்கொண்டு போனோம். அவனுக்கு நினைவு தெளிவாக இருந்தது, பேசினான், கேலி செய்தான். ஆற்றைத் தாண்டினால் போதும் என்று ஓடினோம்.

மழையால் ஆறு பெருகியிருந்தது. கடக்க ஒரே ஒரு இடம்தான் இருந்தது, பிரம்புக் கயிறு கட்டிய துறை. அங்கே துப்பாக்கியோடு நின்ற சிப்பாய் கையை நீட்டி மறித்தான்.

"நில்லு. படம் எடுக்கறாங்க."

கரையில் மூன்று கால் பெட்டியை நட்டுவைத்துக்கொண்டு ஒரு ஆள் வானத்தைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தான். பேர் கென்னாவே. பட்டாளத்துக்குப் படம் எடுக்கிறவன். அன்று அவனைத் "துரை" என்றுதான் கூப்பிட்டேன். இங்கே "அவன்" என்றே சொல்கிறேன், அதற்கு மேல் மரியாதை என்னிடம் மிச்சம் இல்லை. வெயிலில் உரிந்த மூக்கு, தொப்பியைப் பின்பக்கமாகத் திருப்பிப் போட்டிருந்தான். அவனுக்குக் கொடுத்திருந்த சுமைகாரர்கள் பேனுக்காகத் தலையை மொட்டையடித்தவர்கள், காய்ச்சலில் வற்றிப்போனவர்கள். எங்கள் நான்கு பேருக்கும் நல்ல உயரம், தலையில் அடர்ந்த முடி. எங்களைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"ஆகா! இவனுங்கதான்! ஏய், நீங்க நாலு பேரும் இங்க வாங்க. அந்த மூட்டைய அப்படி ஓரமா வைங்க."

"மூட்டை இல்ல துரை, ஆளு. வயித்துல அடி. ஆத்தைத் தாண்டணும்." மிஷன் பள்ளியில் கற்ற இங்கிலீஷ் எனக்குக் கொஞ்சம் இருந்தது.

"தாண்டலாம், தாண்டலாம். மேகம் விலகிருச்சு, இப்ப விட்டா வெளிச்சம் போயிடும். கொஞ்ச நேரந்தான்."

ஸ்ட்ரெச்சரில் கோலின் என்கிற லாரி டிரைவர் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான். தலையில் கட்டு. கட்டின் மேல் சிவப்பு மருந்தை யாரோ தாராளமாக ஊற்றியிருந்தார்கள். அவனைப் பார்த்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது. நல்ல யோசனை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

"துரை, உங்களுக்கு அடிபட்ட ஆள்தானே வேணும்? இதோ இருக்கான். இவனையே அந்த ஸ்ட்ரெச்சர்ல போட்டுத் தூக்கறோம். உங்களுக்குப் படம் ஆச்சு, இவனும் ஆஸ்பத்திரி போய்ச் சேந்துருவான்."

கென்னாவே உடனே மறுக்கவில்லை. அதுதான் அருவருப்பு. பெட்டியைத் திருப்பி, சாக்கில் கிடந்த பேர்க்காரனைக் கண்ணாடி வழியாக நிதானமாகப் பார்த்தான். கடையில் மீனைப் புரட்டிப் பார்க்கிறவன் மாதிரி. பிறகு தலையை நிமிர்த்தி உதட்டைப் பிதுக்கினான்.

"கறுப்பனைக் கறுப்பன் தூக்கிட்டுப் போறதுல என்னப்பா சேதி இருக்கு? இது ஊர்ல தாய்மாருங்க பாக்கப்போற படம். அவங்க பிள்ளை படுத்திருக்கணும்."

"இவனுக்கும் அம்மா இருக்கா துரை."

"இருக்கட்டும். அவ பேப்பர் வாங்கப்போறதில்லையே."

பக்கத்தில் நின்ற சிப்பாய் சிரித்தான். சொன்னதைச் செய்யாத சுமைகாரனுக்கு முகாமில் என்ன கிடைக்கும் என்று எங்கள் முதுகுகளுக்குத் தெரியும். துறையை மறித்துத் துப்பாக்கி நின்றது. சீக்கிரம் முடித்துக்கொடுத்தால் சீக்கிரம் போகலாம் என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். பேர்க்காரனை மரத்தடியில் படுக்க வைத்தோம்.

அந்த மரத்தடியில் இன்னொரு வெள்ளைக்காரன் உட்கார்ந்திருந்தான். ஒல்லியாக, வெளுத்துப்போய், பென்சிலும் தாளுமாக. பிரையர் என்று பேர். சண்டையை ஓவியமாக வரைய அனுப்பப்பட்டவன். பேர்க்காரனைப் பார்த்ததும் இரக்கத்தோடுதான் நெருங்கி உட்கார்ந்தான். "நீ போ, நான் இவன்கூட இருக்கேன்" என்று மெதுவாகச் சொன்னான். ஒரு மனுஷனாவது இருக்கிறானே என்று எனக்கு உயிர் வந்தது.

கென்னாவே எங்களைச் சுற்றிச் சுற்றி வந்தான். தலைமுடியைக் கோதி மேலே தூக்கிவிட்டான். ஒருத்தன் காதில் பூ செருகினான். "கழுத்துல போட்டுக்க ஏதும் இல்லையா?" என்று என்னைக் கேட்டான். என்னிடம் ஒரு நாய்ப்பல் மாலை இருந்தது. கல்யாணத்துக்குச் சீராகக் கொடுக்கிற மாலை, என் அப்பா விட்டுப்போனது. முகாமில் வைத்தால் திருடுவான்கள் என்று இடுப்புப் பையிலேயே வைத்திருந்தேன். எடுத்துப் போட்டுக்கொண்டேன். வேலை முடிந்தால் சரி.

முதல் தடவை இறங்கினோம். கோலின் நல்ல எடை. தண்ணீர் இழுத்தது.

"மெதுவாப் போங்கப்பா, எனக்கு நீச்சல் தெரியாது" என்றான் கோலின்.

"சிரிக்காதே கோலின், நீ சாகக் கிடக்கிறே!" என்று கரையிலிருந்து கத்தினான் கென்னாவே. "ஏய், முன்னால வர்றவனே, அவனைக் குனிஞ்சு பாரு. பாசமாப் பாரு! மூஞ்சியில கொஞ்சம் கருணை வேணும்!"

"கருணைய எந்த மூட்டையில வச்சிருக்கான்னு கேளுடா, அதையும் சேத்துத் தூக்கிருவோம்" என்று எங்கள் பாஷையில் முனகினான் ஜவோகோ.

நான் குனிந்து பாசமாகப் பார்த்தேன். என் மனசு முழுக்க மரத்தடியில் இருந்தது. பாதி ஆற்றில் மேகம் வந்து மூடியது. "நாசமாப் போச்சு, திரும்பி வாங்க!" என்றான் கென்னாவே.

இரண்டாம் தடவைக்காக வெயிலை எதிர்பார்த்து நின்றோம். அந்த நேரத்தில் கோலின் பிஸ்கட்டைக் கீழே வைத்துவிட்டு, "சார், அந்த ஆளை முதல்ல அனுப்பிரலாமே? நான் எங்கயும் ஓடிரமாட்டேன்" என்றான். கென்னாவே அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "படுடா" என்றான். கோலின் படுத்துக்கொண்டான். அதற்குப் பிறகு அவன் பிஸ்கட்டைத் தொடவில்லை. நல்லவன்தான். நல்லவனாக இருந்து என்ன செய்ய, படு என்றதும் படுத்துவிட்டானே.

இரண்டாம் தடவை முழுசாகக் கடந்தோம். ஜவோகோவின் தம்பி கேமராவைப் பார்த்துவிட்டானாம், அதனால் அதுவும் வீண். திரும்பும்போது தூரத்திலிருந்து பார்த்தேன். பிரையர் பேர்க்காரன் மேல் குனிந்திருந்தான், கை ஓயாமல் அசைந்தது. கட்டை மாற்றிக் கட்டுகிறான் என்று நினைத்து மனசுக்குள் அவனைக் கும்பிட்டேன். கரையேறியதும் மரத்தடிக்கு ஓடினேன்.

"பேர்க்காரா" என்றான் அவன். குரல் உள்ளே போயிருந்தது. "இந்த ஆளு என்னை அசையாதேங்கறான்டா."

"என்னது?"

"காலை நீட்டினா கோவிச்சுக்கறான். மடக்கியே வச்சுக்கணுமாம்."

அப்போதுதான் தாளைப் பார்த்தேன். வயிற்றில் நான் கட்டிய கட்டு அப்படியே இருந்தது, ரத்தம் ஊறிக் கறுத்து, ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. ஒரு ஈயைக்கூடப் பிரையர் ஓட்டவில்லை. தாளில் மட்டும் கால் அழகாக, விரல் விரலாக வந்திருந்தது.

"துரை, நீங்க கூட இருக்கேன்னு சொன்னீங்களே!"

"இருக்கேனேப்பா. ஒரு நிமிஷம்கூட நான் எழுந்திருக்கலை" என்றான் பிரையர். அவனுக்கு என் கோபம் விளங்கவே இல்லை. முகத்தில் நிஜமான வருத்தம் தெரிந்தது. "இந்த மாதிரி ஒரு உடம்பை நான் வரைஞ்சதே இல்லை" என்று வேறு சொன்னான்.

"அங்க என்னடா பேச்சு? வெயில் வந்திருச்சு!" என்று கத்தல் கேட்டது. துப்பாக்கிக்காரன் என் தோளைப் பிடித்து இழுத்தான்.

"போடா, போய் அந்தத் தடியனைக் கரை சேத்துட்டு வா. அவனுக்கு நீச்சல் தெரியாதாம்" என்றான் பேர்க்காரன். சிரிக்கப் பார்த்தான். வலித்தது போல, பாதியில் விட்டுவிட்டான்.

மூன்றாம் தடவை எல்லாம் கூடிவந்தது. வெயில் சாய்ந்து விழுந்தது, தண்ணீர் மின்னியது, யாரும் கேமராவைப் பார்க்கவில்லை, கோலின் கண்ணை மூடிக்கொண்டு செத்தவன் மாதிரியே கிடந்தான். மியூசியத்தில் இருப்பது அந்தப் படம்தான். அதில் என் முகத்தில் கருணை வழிகிறதாம், எழுதி வைத்திருக்கிறார்கள். அது கருணை இல்லை. காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன், மரத்தடியிலிருந்து சத்தம் வருகிறதா என்று. வரவில்லை.

கென்னாவே கை தட்டினான். திரும்பிக் கரையேறியதும் ஸ்ட்ரெச்சரை அப்படியே போட்டுவிட்டு மரத்தடிக்கு ஓடினேன். பேர்க்காரன் கண் திறந்திருந்தது. வாயோரத்தில் ஈ. கால் மடங்கியபடியே இருந்தது. பிரையர் பென்சிலைச் சாய்த்துப் பிடித்துப் பாதத்தின் நிழலைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"எப்ப?" என்றேன்.

"கொஞ்ச நேரமாச்சு." மெதுவாக, மரியாதையாகத்தான் சொன்னான்.

"ஏன் கூப்பிடலை?"

"நீங்க படத்துல இருந்தீங்க."

வாந்தி எடுத்தேன். அந்த மரத்தடியிலேயே, அவன் பூட்ஸுக்குப் பக்கத்திலேயே எடுத்தேன். அவன் தாளைக் காப்பாற்ற நகர்ந்துகொண்டான். ஜப்பான்காரன் குண்டு போட்டான், அவன் எதிரி, போடுவான். அதை ஏற்றுக்கொள்ள முடிந்தது. ஒரு உயிர் போவதைப் பக்கத்தில் உட்கார்ந்து, விரல் விரலாகக் கவனித்து, அதில் ஒரு விரலைக்கூடப் பிடித்துக்கொள்ளாத இவனை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. சொந்தக்காரன் ஒருத்தன் உனக்குப் பெரிய தீங்கு செய்துவிட்டால் அவனை அடிக்க மாட்டாய். அவன் கண் முன்னால் உன் சொந்தப் பொருளை அழிப்பாய். உன் பானையை உடைப்பாய், உன் தென்னையை நீயே வெட்டிச் சாய்ப்பாய். 'பார், நீ செய்த காரியம் என்னை இந்தக் கதிக்கு ஆளாக்கிவிட்டது' என்று அர்த்தம். ஊரே பார்க்கும். அவன் வெட்கத்தில் கூனிக் குறுகிப்போவான். பன்றியைக் கொண்டுவந்து உன் வாசலில் கட்டி, தலை குனிந்து நிற்கிற வரைக்கும் அவன் தொண்டையில் சோறு இறங்காது. எதிரியிடம் இதைச் செய்ய மாட்டோம். வெட்கப்படத் தெரிந்தவனிடம், நம் ஆளிடம் மட்டும்தான்.

நான் அவர்களிடம் செய்தேன். அந்தக் கழிசடைகளை நம் ஆள் என்று நினைத்தேன் பாருங்கள், அதுதான் என் புத்தி.

கென்னாவேக்கு நேர் எதிரே போய் நின்றேன். கரையில் இறக்கி வைத்திருந்த என் துணிமூட்டையிலிருந்து போர்வையை எடுத்து, பல்லால் கடித்து இரண்டாகக் கிழித்து ஆற்றில் விட்டேன். என் பங்கு அரிசியைக் கொட்டிக் காலால் மிதித்தேன். புகையிலையைப் பிய்த்து எறிந்தேன். கழுத்தில் கிடந்த நாய்ப்பல் மாலையை அறுத்தேன். பற்கள் கல்லில் தெறித்தன. மிச்சத்தைக் கல்லில் வைத்து இன்னொரு கல்லால் நசுக்கினேன். அப்பா கொடுத்தது. அழுதுகொண்டே, பேர்க்காரன் பேரை, என் பேரை, உரக்கச் சொல்லிச் சொல்லி நசுக்கினேன். ஜவோகோவும் தம்பிமாரும் தலையில் அடித்துக்கொண்டு கூடவே கத்தினார்கள். தங்கள் சோற்றுத் தகரத்தை மிதித்து நெளித்தார்கள்.

நிமிர்ந்து பார்த்தேன், அவன் முகத்தில் வெட்கம் ஏறுகிறதா என்று. முகம் தெரியவில்லை. பெட்டிக்குப் பின்னால் இருந்தது. பெட்டி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"பிரமாதம்! நிறுத்தாதே! ஆடு, ஆடு!" என்று அதற்குள்ளிருந்து குரல் வந்தது.

அந்தப் படமும் பேப்பரில் வந்தது. மிஷன் பாதிரியார் கொண்டுவந்து காட்டினார். வாய் பிளந்து, கை உயர்த்தி நிற்கிறேன். கீழே, 'காயம்பட்டவரைப் பத்திரமாகக் கரைசேர்த்த மகிழ்ச்சியில் ஆடிப்பாடும் சுமைகாரர்கள்' என்று போட்டிருந்தது. பாதிரியார் என் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

ஆனால் அன்றைக்கு ஆற்றங்கரையில் கென்னாவேக்கு ஒரு குறை இருந்தது. போர்வையைக் கிழித்த இடத்தைத் தவறவிட்டுவிட்டானாம். பெட்டியைத் தட்டிச் சரிசெய்துகொண்டே, "அது ரொம்ப நல்லா இருந்துச்சு. இன்னொரு தடவை செய். கோலின், உன் போர்வைய அவன்கிட்ட குடு" என்றான்.

கோலின் ஸ்ட்ரெச்சரிலிருந்து எழுந்து, தன் மேல் போர்த்தியிருந்த போர்வையை எடுத்துக்கொண்டு வந்தான். தலைக் கட்டு அவிழ்ந்து தொங்கியது. என் முகத்தைப் பார்க்காமல் போர்வையை நீட்டினான். தடிமனான பட்டாளத்துப் போர்வை. அப்படி ஒன்றை எங்களுக்குக் கொடுத்ததே இல்லை.

"ரெடியா? கிழி!" என்றான் கென்னாவே.

வாங்கிக்கொண்டேன். மரத்தடிக்கு நடந்தேன். பிரையர் எழுந்து வழிவிட்டான். பேர்க்காரன் காலை முதலில் நீட்டிவிட்டேன். ஈயை ஓட்டிக் கண்ணை மூடினேன். போர்வையில் அவனைச் சுற்றி, ஒரு ஓரம்கூட வெளியே தெரியாமல் மடித்துச் செருகினேன். ஜவோகோ போய்க் காலியாகக் கிடந்த ஸ்ட்ரெச்சரைக் கொண்டுவந்தான். நான்கு பேரும் அவனைத் தூக்கித் தோளில் வைத்தோம். துப்பாக்கிக்காரன் கென்னாவேயைப் பார்த்தான், பிறகு எங்களைப் பார்த்தான், ஒதுங்கி வழிவிட்டான்.

"ஏய், நான் என்ன சொன்னேன், நீ என்னடா பண்றே?" என்றான் கென்னாவே.

நான்காம் தடவையாக அதே தண்ணீரில் இறங்கினோம். பேர்க்காரனுக்கு எடையே இல்லை. நடு ஆற்றில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். மேகம் ஒன்றும் இல்லை, வெயில் அவன் கேட்ட மாதிரியே சாய்ந்து விழுந்துகொண்டிருந்தது. கென்னாவே கேமராவுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தான்.